கரையோரப் படங்களில் நாலாவது ஆள்

பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குப்பங்களில் எனக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. இருந்தாலும் அங்கே பதினைந்து இருபது வீட்டுச் சுவர்களில் நான் இருக்கிறேன். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு. சில வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில். புதிதாக வந்த மருமகள்கள், "இது யாரு, அத்தையா சித்தியா?" என்று கேட்பார்களாம். "அது போட்டோக்காரம்மா, நாலாவதுக்கு நின்னுது" என்று பதில் வருமாம்.

விஷயம் இவ்வளவுதான். மூன்று பேராக போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்தால் நடுவில் இருக்கிறவருக்கு ஆகாது. என் வீட்டுக்காரருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "ஆனா படம் எடுத்துக்கறவங்களுக்கு இருக்குதே, அது போதும்" என்பார். மூன்று பேர் வந்து உட்கார்ந்தால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். நான் போய் ஓரத்தில் நிற்பேன்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். நடுவில் இருக்கிறவருக்கு வர வேண்டியது, நாலு பேராகிவிட்டால் எங்கே போகும்?

"நாலு பேருக்கு நடுவுன்னு ஒருத்தர் கெடையாது. வந்து பாக்கும், ஆளு இல்லன்னு போய்டும்" என்றார் வீட்டுக்காரர், ராத்திரி கேட்டபோது.

"எங்க போவும்?"

"பஸ் ஏறி நம்ம பொன்னேரிக்கா வரப்போவுது? படு."

படுத்தேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். முதல் நாள் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன், திரும்பவும் வலது பக்கம் பார்த்தேன். அதற்குள் அங்கே மணி அடித்துவிட்டார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் என் அப்பா, "சரி, ஊட்லயே இரு" என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளும் ரயில் எதுவும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமானது. வீட்டுக்காரருக்குப் பொன்னேரி கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோ. வைகாசியிலும் ஆனியிலும் கல்யாண வேலை இருக்கும். ஆடி பிறந்தால் ஸ்டுடியோவில் ஈ கூட உட்காராது. வெயில் கடைசிக் கட்டத்தில் இருக்கும்; போகிற நேரத்தில்தான் அதற்குக் கோபம் அதிகம். அந்த ஒரு மாதம் அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரையோரக் குப்பங்களுக்குப் போவார். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ், அங்கிருந்து படகு. ஆவணியில் சம்பந்தம் பேசுகிறவர்கள் ஆடியிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

"ஆடியில எடுத்தா ஆவுமா நைனா?" என்று சிலர் தயங்குவார்கள்.

"எடுக்கறதுதான் ஆடி. கழுவி, பிரிண்டு போட்டு, உங்க கையில குடுக்கறப்போ ஆவணி" என்று முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொல்வார். அதற்காகவே ஆவணி முதல் தேதிக்கு முன்னால் ஒரு படத்தையும் கொடுக்க மாட்டார்.

என்னைக் கூட அழைத்துப் போனதற்குக் காரணம் பாசம் என்று முதல் வருஷம் நினைத்தேன். காரணம், பெண்கள் அவர் முன்னால் நிமிர மாட்டார்கள். அவருடைய கேமரா மேலே மூடியைத் திறந்து உள்ளே குனிந்து பார்க்கிற மாதிரி. அவர் குனிந்துவிடுவார். நான் அவர் வலது தோளுக்குப் பின்னால் நின்று, "இங்க பாரு கண்ணு, என்னைப் பாரு" என்பேன். பார்ப்பார்கள். அந்த வருஷங்களில் அந்தக் கரையில் எடுத்த படம் எதையாவது பார்த்தால் தெரியும், எல்லாப் பெண்களும் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே இருக்கிறது நான்.

என் கையில் ஒரு கூடை. சீப்பு, பவுடர் டப்பா, முகம் பார்க்கிற கண்ணாடி, சேப்டி பின், சாதம் கட்டிய தூக்கு. ஆடிக் காற்றில் மணல் பறந்து எல்லாவற்றிலும் சேரும். புளிச் சாதத்தை மணலோடுதான் தின்போம். மணல் கேமராவுக்குள் போய்விட்டதா, பிலிமைச் சுற்றினாரா, போன வீட்டில் பின்களை எண்ணி வாங்கினேனா, படகு நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமா என்று எனக்கு வேலை சரியாக இருக்கும். ஒரு தடவை இவர் கேமராவின் முன் மூடியைக் கழற்றாமலே ஒரு பெரிய குடும்பத்தைப் படம் எடுத்துவிட்டார். அவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான்தான் பார்த்தேன். அன்றைக்கிருந்து அந்த மூடி என் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்த சமயம், எழுபதுகளின் நடுவில், ஒரு ஆடியில் ஒரு குப்பத்தில் கடைசி வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டு அம்மா மீன் கூடை தூக்குகிறவள். அவளுடைய வீட்டுக்காரர் கடலோடு போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பத்தொன்பது இருக்கும், சின்னவளுக்குப் பதினான்கு. பெரியவளுக்கு கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பையனைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குப்பத்தில் அதுவரை யாருக்கும் கம்பெனி மாப்பிள்ளை வந்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டிருந்தார்கள்.

பிலிமில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் இருந்தது. "பொண்ணை மட்டும் நிக்க வைங்க" என்றார் இவர்.

"வயசுப் பொண்ணைத் தனியா படம் எடுத்து ஊரு ஊரா அனுப்பறதா? நாங்க சேர்ந்து நிக்கிறோம்" என்றாள் அந்த அம்மா.

சேர்ந்து நின்றால் மூன்று பேர். இவர் தலையை ஆட்டினார். காற்று பிய்த்துக்கொண்டு போனது. நான் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கி இழுத்துவிட்டுக்கொண்டு பெரியவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

ஒரு விஷயத்தை நாங்கள் இரண்டு பேருமே அன்றைக்கு யோசிக்கவில்லை. நான் படத்துக்குள் போய்விட்டால், என்னைப் பார் என்று சொல்ல வெளியே ஆள் இல்லை. தாயார் மணலைப் பார்த்தாள். பெண்கள் இரண்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டன. நான் மட்டும் கண் கொட்டாமல் கேமராவையே பார்த்தேன், மூடியைக் கழற்றினாரா என்று. கழற்றியிருந்தார்.

ஆவணியில் படத்தைக் கொடுத்தபோது அந்த அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். "எம் பொண்ணு எம்மாம் அடக்கமா நிக்கிது பாரு" என்றாள். ஒன்றை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, சந்தைக்கு வந்தவள் ஸ்டுடியோ வாசலில் கூடையை இறக்கினாள்.

"போட்டோக்காரம்மா, நல்ல சேதி. மாப்ள ஊட்டுக்குப் புடிச்சிப்போச்சி. வெள்ளிக்கெழம பூ வைக்க வர்றாங்கோ. அந்தப் புள்ளைக்கு ஒரு வாரம் வுட்டு ஒரு வாரம் நைட் ஷிப்டாம். பொண்டாட்டி தனியா இருக்கணுமாம். தைரியமான பொண்ணாத் தேடிகினு இருந்தாங்களாம். மாப்ளயோட சித்திதான் அங்க எல்லாம். அது போட்டோவைப் பாத்துட்டு, 'இன்னா மாதிரி நேரா பாக்குது பாரு, இதாண்டா நம்ம ஊட்டுக்கு'ன்னுச்சாம்."

"யக்கா" என்றேன். பஸ் ஹாரன் அடித்தது. "யக்கா, அந்தப் படத்துல..." என்றேன். "வர்றேன், வர்றேன், பழவேற்காட்டு வண்டி அது" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதில் நேராகப் பார்க்கிறது ஒரே ஒரு ஆள்தான். கழுத்தில் தாலி தெரியவில்லை. எனக்கு அப்போது இருபத்திநாலு வயது, ஆனால் கவலைப்படுகிறவர்களுக்கு உடம்பில் சதை போடாது. படத்தில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். விளக்கடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"உன்னைத் தைரியசாலின்னு ஒருத்தங்க சொன்னாங்கன்னா, அவங்க கண்ணைத்தான் மொதல்ல பாக்கணும்" என்றார்.

"வெள்ளிக்கெழம அவங்க வந்து பாத்தா வேற பொண்ணு இருக்கும். ஏமாத்திட்டாங்கன்னு எழுந்து போய்டுவாங்க. பூ வைக்க வந்து வைக்காம போனா அந்தக் குப்பத்துல இன்னா பேசுவாங்க? அப்புறம் அந்தப் பொண்ண யாரு கேட்டு வருவா?"

"போய் சொல்லிட்டு வா."

"தனியாவா?"

"எனக்கு வெள்ளி வரைக்கும் கல்யாண வேலை. பஸ்சும் போவுது, படகும் போவுது. நீ மட்டும்தான் போவணும்."

செவ்வாய்க்கிழமை கவலைப்பட்டேன். புதன்கிழமை கிளம்பி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனேன். அடுப்பை அணைத்தேனா என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அணைத்திருந்தேன். வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறியே விட்டேன், ஆனால் கதவைப் பூட்டிய ஞாபகம் இல்லை, லெவல் கிராசிங் வருவதற்குள் இறங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை, இனி ஒரு நாளும் மிச்சம் இல்லை என்பதால், முதல் பஸ்ஸுக்கே போனேன்.

பழவேற்காட்டுக் கரையில் பாய் கட்டிய ஒரு படகு கிளம்ப இருந்தது. ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தண்ணீரைப் பார்த்தால் ஆகாது. படகு கொஞ்ச தூரம் போன பிறகுதான் கண்ணைத் திறந்தேன். எதிரே ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு இளைஞன், நடுவில் மஞ்சள் பட்டு கட்டிய ஒரு அம்மாள். மடியில் தட்டு. தட்டில் பூ, பழம், வெற்றிலைபாக்கு. அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையைத் திறந்தாள். படத்தை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்துக் காற்றே இல்லாத மாதிரி முந்தானை அதன் இடத்தில் இருந்தது.

"அய்யய்யோ மாமா" என்றாள் பெரியவரிடம். "பொண்ணுக்குத் தாலி கட்டியாச்சி."

ஏரியில் எழுந்து ஓட இடமில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேர், நாலாவது ஆள், கேமரா மூடி, அடுப்பு, வீட்டுப் பூட்டு. எதை விடலாம் எதைச் சொல்லலாம் என்று தெரியாததால் எல்லாவற்றையும். சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பொய்யி" என்றாள். "இந்த மாதிரி யாருனா ஊரான் ஊட்டு போட்டோல போய் நிப்பாங்களா?"

பின்னால் சுக்கான் பிடித்திருந்த படகுக்காரர் வாயைத் திறந்தார். "நிக்கும். எங்க ஊட்லயும் நிக்குது. எங்கம்மா, நானு, எம் பொண்டாட்டி, அப்புறம் இது. கேட்டா எங்க அக்கான்னு சொல்லிக்கினு இருக்கோம்."

"அப்ப பொண்ணு எது?"

படத்தில் என் பக்கத்தில் இருந்ததைக் காட்டினேன். ஒரு வகிடு, ஒரு காது, இரண்டு கை.

"வகிடு நல்லாத்தான் எடுத்துக்கீது" என்றாள் சித்தி. "வகிட்டைக் கட்டிகினு இவன் குடித்தனம் பண்ணணுமா? படகைத் திருப்புப்பா."

"திருப்ப முடியாதும்மா" என்றார் படகுக்காரர். "கரைக்காத்து தள்ளிகினு போவுது. மதியத்துக்கு மேல கடல்லேர்ந்து கடக்காத்து ஏறும், அப்பத்தான் பாய் இந்தப் பக்கம் இழுக்கும். அதுவரைக்கும் குப்பத்துலதான் இருக்கணும்."

"ரெண்டு மணிக்கு எனக்கு ஷிப்டு" என்றான் மாப்பிள்ளை. அதுதான் அவன் பேசிய முதல் பேச்சு.

"காத்துகிட்ட சொல்லு" என்றார் படகுக்காரர்.

குப்பத்தில் அந்த வீட்டு வாசலில் கோலம் போட்டு, பக்கத்து வீடுகளில் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்கள். பாதிக் குப்பம் அங்கேதான் நின்றது. மாப்பிள்ளை வீட்டாரோடு நானும் படகிலிருந்து இறங்குவதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தி நாற்காலியில் உட்காரவில்லை. வாசலிலேயே நின்று, நான் படகில் சொன்னதைப் பாதியாகச் சுருக்கி, இரண்டு மடங்கு சத்தமாகச் சொன்னாள். தட்டு அவள் கையிலேயே இருந்தது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கேட்டது ஒன்றுதான். "இன்னாத்துக்கு நீ நேரா பாத்தே?"

"மூடிய கழட்டினாரான்னு பாத்தேன் யக்கா."

"அவுரு கழட்டமாட்டாரா?"

"ஒரு வாட்டி கழட்டலை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ, "ஆடியில எடுத்தா அப்டித்தான் ஆவும்" என்றார்கள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இவர்கள் மதியம் வரை இதே வாசலில் நின்றுவிட்டுத் தட்டோடு திரும்பிப் போகப் போகிறார்கள், அதைப் பார்க்க ஊரே நிற்கப் போகிறது, பிறகு இந்த வீட்டுக்கு யாரும் தட்டு எடுத்து வரப்போவதில்லை. நான் ஐந்தாம் வகுப்புதான், ஆனால் இந்த மாதிரிக் கணக்கு எனக்குச் சீக்கிரம் வரும்.

அப்போது பெரியவள் உள்ளேயிருந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தலை நிறையப் பூ, கையில் கலர் சோடா பாட்டில் வைத்த தட்டு. நாலு பாட்டில் இருந்தது. என்னையும் எண்ணியிருக்கிறாள்.

"கடக்காத்து வர நேரம் கீது" என்றாள் சித்தியிடம். "அதுவரைக்கும் நின்னுகினா இருப்பீங்க? உக்காருங்க. உக்காந்துகினே வேணாம்னு சொல்லலாம்."

சித்தி அவளை முதல் தடவையாகப் பார்த்தாள். "போட்டோல தலையே தூக்கல. இப்ப இம்மாம் பேசறே?"

"போட்டோல பேச முடியாதுங்களே."

"நைட் ஷிப்டு போற புள்ள. ராவெல்லாம் ஊட்ல ஒண்டியா இருக்கணும். அந்தப் பக்கம் ஒரே முள்ளுக் காடு. பயப்படாம இருக்கற பொண்ணு வேணும்னுதான் நாங்க தேடறோம்."

"எங்க நைனா போனதுலேர்ந்து இந்த ஊட்ல மூணு பொம்பளைங்கதான்" என்றாள் பெண். "நாலாவதுக்கு ஆள் கூப்டது போட்டோவுக்கு மட்டும்தான்."

சொல்லிவிட்டுப் பாட்டிலை நீட்டினாள். நேராகச் சித்தியைப் பார்த்தாள். நான் கேமராவைப் பார்த்த மாதிரி இல்லை. இது வேறு மாதிரி.

சித்தி என்னை ஒரு தரம் பார்த்தாள், அவளை ஒரு தரம் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரியவரும் உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஏற்கெனவே உட்கார்ந்து பாதி கலரைக் குடித்திருந்தான்.

உடனே ஒன்றும் முடிவாகிவிடவில்லை. தட்டு சித்தியின் மடியிலேயேதான் இருந்தது. வெயில் ஏறியது. காற்று நின்றது. பன்னிரண்டு மணிக்கு இலை போட்டு மடவை மீன் குழம்பு ஊற்றினார்கள். சித்தி சாப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேண்டாம் என்று போகிறவள் அடுத்த வீட்டுக் குழம்புக்கு உப்பு பார்க்கமாட்டாள். பெண் உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். சித்தி கையைக் கழுவிக்கொண்டு வந்து தட்டை எடுத்து நடுவில் வைத்தாள். அதற்கப்புறம்தான் காற்று மாறியது. மாப்பிள்ளைக்கு அன்றைக்கு ஷிப்டு போனது.

திரும்பி வரும்போதும் அதே படகு, அதே நாலு பேர். சித்தி பாதி ஏரியில் என் பக்கம் குனிந்து, "தப்பா எடுத்துக்காதே. ஊட்டைப் பூட்டினேனா, அடுப்பை அணைச்சேனான்னு அப்பப்ப நீ சொல்லிகினதுல எனக்கே இப்ப சந்தேகம் வந்துடுச்சி" என்றாள். கும்மிடிப்பூண்டி போய்ச் சேருகிற வரைக்கும் அவள் நிம்மதியாக இருந்திருக்கமாட்டாள்.

தை மாதம் கல்யாணம். எங்கள் ஸ்டுடியோதான். தாலி கட்டி முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்று எடுத்து முடிந்த பிறகு, பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கையும் சேர்ந்து ஒன்று எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். வந்து நின்ற பிறகுதான் மூன்று பேர் என்று தெரிந்தது. வீட்டுக்காரர் பழக்கத்தில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் கூடையை வைத்துவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"அந்தம்மா வேணாம்!" என்று சித்தி பந்தலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "அது நின்ன வரைக்கும் போதும். வேற எதையாவது நிக்க வைங்க."

எல்லாரும் சுற்றிலும் பார்த்தார்கள். பந்தல் காலில் ஒரு ஆடு கட்டியிருந்தது. யாரோ அவிழ்த்துக்கொண்டு வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கழுத்தில் ஒரு முழம் பூவையும் சுற்றினார்கள். நான் என் இடத்துக்கு, வீட்டுக்காரரின் வலது தோளுக்குப் பின்னால் போனேன். மூடியைக் கழற்றியிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். கழற்றியிருந்தார். "இங்க பாருங்க" என்றேன். பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கையும் என்னைப் பார்த்தார்கள். ஆடு மட்டும் கேமராவைப் பார்த்தது.

படம் நன்றாக வந்தது. கும்மிடிப்பூண்டியில் அவர்கள் வீட்டுச் சுவரில் ரொம்ப வருஷம் இருந்தது. அந்த ஆடு மறுநாள் கறிவிருந்துக்காக வாங்கிக் கட்டியது என்பது எனக்குப் படம் எடுக்கும்போது தெரியாது. மறுநாள் பந்தியில் உட்கார வைத்து இலை போட்டார்கள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லி ரசம் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் இரண்டு தரம் கறி வாங்கினார். "பாத்தியா" என்றார் மென்றுகொண்டே. "எங்க போவும், எங்க போவும்னு கேட்டுகினே இருந்தியே."